பார்த்த பாடம், படிக்காத பாடம்

மூவண்ணப் பூனைகளில் பெரும்பாலானவை ஏன் பெண் பூனைகளாகவே இருக்கின்றன? அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஷானா கார்ப்பென்டரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இந்தக் கேள்விக்கான விளக்கத்தை மாணவர்களுக்கு ஏறக்குறைய ஒரு நிமிட வீடியோவாகக் காட்டினார்கள். வீடியோ இரண்டு வகை. பாடம் ஒன்றே, பேசியவரும் ஒருவரே. ஒன்றில் அவர் நிமிர்ந்து நின்று, பார்ப்பவரின் கண்ணைப் பார்த்து, தங்குதடையின்றிப் பேசினார். மற்றதில் குறிப்புத் தாளின்மேல் குனிந்துகொண்டு தட்டுத்தடுமாறி வாசித்தார். ‘இன்னும் சற்று நேரத்தில் இதில் எவ்வளவு நினைவிருக்கும்?’ என்று கேட்டபோது, சரளமான வீடியோவைப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிட மிகுந்த நம்பிக்கையோடு பதில் சொன்னார்கள். பிறகு தேர்வு வைத்துப் பார்த்தால் இரு தரப்பினருக்கும் நினைவிருந்தது ஏறக்குறைய ஒரே அளவுதான். சரளமான வீடியோ கூட்டியது கற்றலை அல்ல, கற்றுவிட்டோம் என்ற எண்ணத்தை.

இந்த ஆய்வு வந்தபோது டிக்டாக் பிறக்கவில்லை, ரீல்ஸ் என்ற பெயரும் யாருக்கும் தெரியாது. இன்று தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் கைப்பேசிகளில் ஒரு நிமிடப் பாடங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ‘இந்த ஐந்து கேள்வி போதும்’, ‘ஒரே நிமிடத்தில் ஒளியியல்’, ‘சென்டம் எடுக்க இதைப் பாருங்கள்’ என்பது போன்ற தலைப்புகளில், துள்ளலான இசையோடு, பளிச்சிடும் எழுத்துகளோடு, மூச்சுவிடாமல் பேசும் குரல்களோடு வருகின்றன. மாணவர் பார்க்கிறார், புரிகிறது, மனம் நிறைகிறது. அடுத்த நாள் வகுப்பில் ஆசிரியர் அதே கேள்வியைக் கேட்டால் ‘தெரியும் சார், ஆனா சொல்ல வரலை’ என்கிறார். அந்த மாணவர் பொய் சொல்லவில்லை. தெரியும் என்று அவர் மெய்யாகவே நம்புகிறார்.

குறுவீடியோக்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ‘பிள்ளைகளின் நேரம் வீணாகிறது’ என்பதோடு நின்றுவிடுகிறது. நேரம் வீணாவது கண்ணுக்குத் தெரியும், பெற்றோர் கண்டிக்கவும் முடியும். படித்துவிட்டோம் என்ற பொய்யான நிறைவு கண்ணுக்குத் தெரியாது. படிப்பதற்கு மிகப் பெரிய தூண்டுதல், இன்னும் தெரியவில்லையே என்ற உறுத்தல். அந்த உறுத்தலை அணைத்துவிடுவதுதான் குறுவீடியோ கல்விக்குச் செய்யும் ஆழமான கேடு. ஆகவே அரசும் பள்ளியும் வீடும் நிமிடக் கணக்கைப் பார்ப்பதோடு நிற்காமல், வீடியோ வந்து சேரும் விதத்தையும் பார்த்தபின் மாணவர் என்ன செய்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

முதலில் ஒரு தெளிவு தேவை. வீடியோ குட்டையாக இருப்பது குற்றமல்ல. இணையவழிக் கல்வித் தளமான எட்எக்ஸில் 69 லட்சம் வீடியோ பார்வைகளை அலசி 2014இல் வெளியான ஆய்வு, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் சராசரியாக ஆறு நிமிடத்துக்கு மேல் ஈடுபாட்டோடு பார்ப்பதில்லை என்று கண்டது. பாடத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கொடுங்கள் என்பதே அந்த ஆய்வின் பரிந்துரை. தமிழ்நாட்டில் 2018இல் வெளிவந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் இடம்பெற்றதும் இந்தத் தர்க்கத்தில்தான். இதயத்தின் அமைப்பைப் படிக்கும் மாணவி, பக்கத்தில் உள்ள குறியீட்டை ஸ்கேன் செய்து ரத்த ஓட்டத்தை அசைபடமாகப் பார்க்கலாம். வீடியோ முடிந்ததும் திரை நின்றுவிடும். புத்தகம் அதே பக்கத்தில் திறந்திருக்கும்.

இன்ஸ்டாகிராம் ரீல்ஸிலும் யூடியூப் ஷார்ட்ஸிலும் திரை நிற்பதில்லை. இதயத்தைப் பற்றிய வீடியோவுக்கு அடுத்து ஒரு நடிகரின் நடனம், அதற்கடுத்து கிரிக்கெட், அதற்கடுத்து யாரோ ஒருவரின் சண்டை, பிறகு மறுபடியும் ஒரு பாடம். அடுத்து என்ன வரும் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. எப்போதாவது ஒன்று மிகவும் பிடித்துவிடும், அது எப்போது வரும் என்று தெரியாததாலேயே விரல் தள்ளிக்கொண்டே இருக்கும். கணிக்க முடியாத இடைவெளிகளில் கிடைக்கும் பரிசு, தவறாமல் கிடைக்கும் பரிசைவிட ஒரு பழக்கத்தை வலுவாக வேரூன்றச் செய்யும் என்பதை உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் கடந்த நூற்றாண்டிலேயே சோதனைக்கூடத்தில் காட்டியிருக்கிறார். முடிவில்லாமல் கீழே நீண்டுகொண்டே போகும் பக்கத்தை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின், பின்னாளில் அதற்காகப் பகிரங்கமாக வருந்தினார். பக்கம் முடிகிற இடம்தான் ‘போதுமா?’ என்று மனம் தன்னையே கேட்டுக்கொள்ளும் இடம். அந்த இடம் அழிக்கப்பட்டுவிட்டது.

‘அந்தக் காலத்தில் சினிமாவையும் தொலைக்காட்சியையும் இப்படித்தானே திட்டினார்கள்?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்தபோது, வாசகர்கள் அடுத்த அத்தியாயத்துக்கு ஒரு வாரம் காத்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் வீட்டிலும் அலுவலகத்திலும் கதை பேசப்பட்டது. வந்தியத்தேவன் அடுத்து என்ன செய்வான் என்று ஆளுக்கொரு ஊகம் சொன்னார்கள். சினிமா மூன்று மணி நேரத்தில் முடிந்தது. தொலைக்காட்சித் தொடர்கூட ‘தொடரும்’ என்று போட்டுவிட்டு நாளை வரை காக்க வைக்கிறது. பார்த்ததை அசைபோட அந்த ஊடகங்கள் இடைவெளி விட்டன. குறுவீடியோ ஓடை அந்த இடைவெளியை விடுவதில்லை.

இந்த வடிவமைப்பு இந்தியாவுக்குள் வந்த வரலாறும் நினைவில் கொள்ளத்தக்கது. ஆறு விநாடி வீடியோக்களோடு 2013இல் வந்த வைன் செயலி நான்கு ஆண்டுகளில் மூடப்பட்டது. சீனாவில் 2016இல் டௌயின் தொடங்கியது, அதன் உலக வடிவமான டிக்டாக் இந்தியாவில் காட்டுத்தீயாகப் பரவியது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 3 அன்று டிக்டாக்கைப் பதிவிறக்கம் செய்யத் தடை விதிக்குமாறு உத்தரவிட்டது, அதே மாதம் 24ஆம் தேதி அந்தத் தடையை விலக்கியது. அடுத்த ஆண்டு ஜூன் 29 அன்று, நாட்டின் இறையாண்மையையும் பாதுகாப்பையும் காரணம் காட்டி, ஒன்றிய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. அதற்கடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவில் அறிமுகமானது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் தன் முதல் சோதனையை இந்தியாவில்தான் தொடங்கியது. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலம் அது. ஆன்லைன் வகுப்புக்காகக் கடன் வாங்கியாவது ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்த குடும்பங்களின் கைகளில் வகுப்பும் ரீல்ஸும் ஒரே கண்ணாடித் திரையில் வந்து சேர்ந்தன. ஒரு நிறுவனம் வெளியேற்றப்பட்டது, அதன் வடிவமைப்பு இங்கேயே தங்கிவிட்டது. 60 விநாடியாக இருந்த ஷார்ட்ஸ் 2024 அக்டோபரில் மூன்று நிமிடம் வரை நீண்டது. அதனால் பழக்கம் ஒன்றும் மாறிவிடவில்லை, ஏனென்றால் சிக்கல் நீளத்தில் இல்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? ‘மனிதரின் கவனம் தங்கமீனைவிடக் குறைந்து எட்டு விநாடியாகிவிட்டது’ என்று மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. 2015இல் ஒரு நிறுவன அறிக்கையின் வழியே பரவிய இந்தக் கூற்றுக்கு உருப்படியான அறிவியல் ஆதாரம் கிடையாது. அதை ஒதுக்கிவிட்டாலும் கவலைக்குக் காரணம் இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க், கணினியில் வேலை செய்பவர்கள் ஒரு திரையிலிருந்து மறு திரைக்கு எத்தனை நேரத்தில் தாவுகிறார்கள் என்பதை இருபது ஆண்டுகளாக அளந்துவருகிறார். 2004இல் சராசரியாக இரண்டரை நிமிடமாக இருந்தது, அண்மைய ஆண்டுகளில் 47 விநாடியாகச் சுருங்கியிருக்கிறது.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் 60 பேரை வைத்து நடத்தி 2023இல் வெளியான சோதனை இன்னும் நேரடியானது. பங்கேற்றவர்கள் ஒரு வேலையைச் செய்துகொண்டே, குறிப்பிட்ட அடையாளம் தெரியும்போது வேறொன்றைச் செய்ய நினைவு வைத்திருக்க வேண்டும். நடுவில் இடைவேளை. சிலர் டிக்டாக் பார்த்தார்கள், சிலர் ட்விட்டர், சிலர் யூடியூப் வீடியோ, சிலர் எதுவும் செய்யாமல் ஓய்வெடுத்தார்கள். திரும்பி வந்தபோது டிக்டாக் பார்த்தவர்களுக்கு மட்டும், செய்ய நினைத்ததை நினைவில் வைத்துச் செய்யும் திறன் குறிப்பிடத்தக்க அளவு சரிந்திருந்தது. படிப்புக்கு நடுவே ‘பத்து நிமிடம் ரிலாக்ஸ்’ என்று ரீல்ஸைத் திறக்கும் மாணவர்கள் அறிய வேண்டிய செய்தி இது.

சலிப்பைப் போக்கத்தான் வீடியோவைத் தள்ளுகிறோம் என்பதும் சரியாக இல்லை. டொரன்டோ பல்கலைக்கழகத்தின் கேட்டி டாம், மைக்கேல் இன்ஸ்லிக்ட் இருவரும் 1,200க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய ஏழு சோதனைகளின் முடிவு 2024இல் வெளியானது. ஒரே வீடியோவை முழுதாகப் பார்ப்பதைவிட, பல வீடியோக்களுக்கிடையே தாவித் தாவிப் பார்த்தால் சலிப்பு குறையும் என்று மக்கள் எதிர்பார்க்கிறார்கள். நடந்தது நேர்மாறு. தாவத் தாவச் சலிப்பு கூடியது. புத்தகத்தின் இரண்டு பக்கம் போரடிக்கிறது என்று ஒரு மாணவர் ரீல்ஸுக்குப் போனால், திரும்பி வரும்போது அந்தப் பக்கங்கள் முன்பைவிட அதிகமாகப் போரடிக்க வாய்ப்புண்டு. ஏறக்குறைய 98,000 பேர் இடம்பெற்ற 71 ஆய்வுகளைத் தொகுத்து 2025இல் வெளியான ஒரு மதிப்பாய்வும், குறுவீடியோப் பயன்பாடு கூடுமிடத்தில் கவனமும் தன்னடக்கமும் குறைவாக இருப்பதைக் காட்டுகிறது. இவற்றில் எது காரணம், எது விளைவு என்பது தனிக் கேள்வி. ஏற்கெனவே கவனம் சிதறுகிறவர்கள் குறுவீடியோவை அதிகம் நாடுவதாகவும் இருக்கலாம். ஆனால் மாணவரின் பக்கம் நின்று யோசித்தால் இரண்டில் எதுவானாலும் அவருக்கு உதவி தேவை.

இனி கற்றல் எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்கலாம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட சோதனையில் மாணவர்களுக்குச் சூரியனைப் பற்றியும் கடல் நீர்நாய்களைப் பற்றியும் சிறு கட்டுரைகள் கொடுத்தார்கள். சிலர் இரண்டு முறை படித்தார்கள். சிலர் ஒருமுறை படித்து, பிறகு தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தால் இரண்டு முறை படித்தவர்களுக்கு 81 விழுக்காடு நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. இரண்டு முறை படித்தவர்களிடம் மிஞ்சியது 42 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களிடம் 56.

தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு இது புதிய செய்தியல்ல. ‘படிச்சாச்சா? புத்தகத்தை மூடு, சொல்லு’ என்பது தலைமுறைகளாகக் கேட்டுவரும் குரல். ஒப்பிப்பதும், எழுதிப் பார்ப்பதும், தப்பாக எழுதி அடி வாங்காமல் மறுபடி எழுதுவதும் சிரமமான வேலைகள். அந்தச் சிரமத்தில்தான் நினைவு உறுதியாகிறது. மனப்பாடக் கல்வியை எவ்வளவு வேண்டுமானாலும் விமர்சிக்கலாம், விமர்சிக்கவும் வேண்டும். ஆனால் புத்தகத்தை மூடிவிட்டுத் தன் சொற்களில் சொல்லிப் பார்ப்பது மனப்பாடம் ஆகாது. புரிந்ததா இல்லையா என்று மாணவர் தனக்குத்தானே கண்டறியும் வழி அது. குறுவீடியோ ஓடையில் இதற்கு நேரமே இல்லை. பாடம் முடிந்த நொடியில் அடுத்த வீடியோ தொடங்கிவிடுகிறது.

திறமைக்கும் இதே கதைதான். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட சோதனைகளில் ஒன்று, மைக்கேல் ஜாக்சனின் மூன்வாக் நடையைப் பற்றியது. அந்த நடையின் சிறு வீடியோவை 20 முறை பார்த்தவர்கள், ஒரே முறை பார்த்தவர்களைவிட நன்றாக ஆடுவோம் என்று நம்பினார்கள். ஆட விட்டுப் பார்த்தால் இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. கணக்குப் போடும் வீடியோவை எத்தனை முறை பார்த்தாலும் தாளில் போட்டுப் பார்க்காதவரை கணக்கு வராது.

பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு மூன்று மணி நேரம். வினாத்தாளைப் படித்துப் பார்க்க மட்டுமே பத்து நிமிடம் தனியாகக் கொடுக்கிறார்கள். ஒரு மதிப்பெண் வினாவைத் தாண்டி நெடுவினாவுக்கு வரும்போது, ஒரு கருத்திலிருந்து அடுத்த கருத்துக்குத் தானாகவே நடந்து போக வேண்டும். அந்த வேளையில் அடுத்ததை எடுத்துக் கொடுக்க எந்தச் செயலியும் இருக்காது. பள்ளியைத் தாண்டிய வாழ்க்கையும் நெடுவினாக்களால் ஆனதுதான்.

இதில் அதிகம் இழப்பது யார் என்பதும் முக்கியம். இந்தியக் கிராமப்புறப் பிள்ளைகளிடம் எடுக்கப்பட்ட 2024ஆம் ஆண்டின் ஏசர் கல்விக் கணக்கெடுப்பில், 14 முதல் 16 வயதுக்குட்பட்டோரில் 82 விழுக்காட்டினருக்கு ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்திருந்தது. அவர்களில் முந்தைய ஒரு வாரத்தில் படிப்புக்காக அதைப் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காடு, சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்கள் 76 விழுக்காடு. இங்கிலாந்தில் 91 பள்ளிகளின் தரவை வைத்து 2016இல் வெளியான ஆய்வு, கைப்பேசியைத் தடை செய்த பள்ளிகளில் தேர்வு மதிப்பெண்கள் கூடியதைக் கண்டது. முன்னேறியவர்கள் பின்தங்கிய மாணவர்களே, நன்றாகப் படிப்பவர்களிடம் மாற்றம் இல்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு டியூஷன் உண்டு, தனி அறை உண்டு, கண்காணிக்க ஆள் உண்டு. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய் இரவில் திரும்பும் வீட்டில், மாலை முழுவதும் பிள்ளைக்குத் துணை அந்தக் கைப்பேசி மட்டும்தான். முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களிடமிருந்தே இந்தத் தொழில்நுட்பம் அதிகம் பறிக்கிறது. சமூகநீதியைப் பேசும் மாநிலம் இதை ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் பார்க்க முடியாது.

‘பிள்ளைகளுக்குத்தான் கட்டுப்பாடு வேண்டும்’ என்று சொல்லி முடித்துக்கொள்வது எளிது. ஆனால் எதிரில் நிற்பது யார்? அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம் தொடுத்த வழக்கில் வெளிவந்து, 2024 அக்டோபரில் செய்தியான டிக்டாக்கின் உள் ஆவணங்களின்படி, ஒருவருக்குப் பழக்கம் உருவாக 260 வீடியோக்கள் போதும் என்று அந்த நிறுவனமே கணக்கிட்டிருந்தது. சில விநாடிகளில் ஓடி முடியும் வீடியோக்கள் என்பதால் இதற்கு 35 நிமிடம்கூட ஆகாது என்று விசாரணையாளர்கள் குறிப்பிட்டார்கள். பதின்ம வயதினருக்காக அறிமுகமான 60 நிமிட நினைவூட்டலின் பயனும் அந்த ஆவணங்களில் இருந்தது. நாளொன்றுக்கு 108.5 நிமிடமாக இருந்த பயன்பாடு 107 நிமிடமாகக் குறைந்தது. அதாவது ஒன்றரை நிமிடம். பதினான்கு வயதுப் பிள்ளையின் மன உறுதியை, தேர்ந்த பொறியாளர்களும் கோடிக்கணக்கானோரின் தரவும் சேர்ந்து உருவாக்கிய இயந்திரத்தோடு மோத விட்டு, தோற்ற பிள்ளையைத் திட்டுவது அநீதி.

பள்ளிக்குள் தடை போடுவது தேவை, ஆனால் போதாது. பர்மிங்காம் பல்கலைக்கழகம் 30 பள்ளிகளில் நடத்தி 2025இல் வெளியிட்ட ஆய்வு, கைப்பேசிக்குத் தடை உள்ள பள்ளி மாணவர்களின் மனநலம் மற்றவர்களைவிட மேம்பட்டதாக இல்லை என்றது. நாள் முழுவதையும் கணக்கிட்டால் திரை நேரம் குறையவில்லை, பள்ளி நேரத்தில் விட்டதை வீட்டில் பிடித்துவிடுகிறார்கள். ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கத் தடை விதித்திருக்கிறது. வயதைப் பார்த்துக் கதவை மூடுவது ஒரு வழி. அறைக்குள் இருக்கும் இயந்திரத்தை மாற்றுவது இன்னொரு வழி, அது நீடித்துப் பயன்தரும். நியூயார்க் மாநிலம் 2024இல் இயற்றிய சட்டம், பெற்றோர் இசைவில்லாமல் சிறாருக்குப் பழக்கமூட்டும் ஓடைகளைக் காட்டக் கூடாது என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில், பயனரின் நடத்தையை அலசாமல் இயங்கும் பரிந்துரை முறையையும் பெரிய தளங்கள் தெரிவாக வழங்கியாக வேண்டும்.

இந்தியாவிடம் இதற்கான கருவி ஏற்கெனவே இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, 18 வயது நிரம்பாதவர்களைப் பின்தொடர்வதையும் அவர்களது நடத்தையைக் கண்காணிப்பதையும் தடை செய்கிறது. ஒரு மாணவி எந்த வீடியோவில் எத்தனை விநாடி நின்றாள், எதைத் தள்ளினாள், எதைத் திரும்பப் பார்த்தாள் என்று கணக்கெடுத்து அடுத்த வீடியோவைத் தேர்ந்தெடுப்பது நடத்தைக் கண்காணிப்பு இல்லை என்றால் வேறு எதுதான் கண்காணிப்பு? சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. சிறாருக்கான குறுவீடியோ ஓடையும் இந்தத் தடைக்குள் வரும் என்று ஒன்றிய அரசு ஐயத்துக்கிடமின்றி அறிவிக்க வேண்டும்.

மாநில அரசும் பள்ளிகளும் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சின்னச் சின்னப் புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டு சேர்த்தது. குட்டைப் புத்தகம்தான், ஆனால் கடைசிப் பக்கத்தில் முடிந்துவிடும், பிள்ளை நிமிர்ந்து பார்த்துப் பக்கத்தில் இருப்பவரிடம் கதை சொல்லும். இத்தகைய முயற்சிக்குத் தேர்வுக் காலத்திலும் பாடவேளை ஒதுக்கப்பட வேண்டும். ஒவ்வொரு பாடவேளையின் கடைசிச் சில நிமிடங்களை, புத்தகத்தை மூடிவிட்டு அன்று கேட்டதை எழுதிப் பார்ப்பதற்கு விட்டுவிடலாம். வீடியோ காட்டும் ஆசிரியர்கள் அதை நடுவில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று மாணவர்களைக் கேட்கலாம்.

பாட வீடியோ தயாரிக்கும் ஆசிரியர்கள் பலர் உண்மையான அக்கறையோடு உழைக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொரு வீடியோவின் முடிவிலும் ‘லைக் போடுங்க’ என்பதற்குப் பதிலாக ஒரு கேள்வியைக் கேட்டு, கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு விடையை எழுதச் சொல்லலாம். பெற்றோர் ‘எவ்வளவு நேரம் பார்த்தாய்?’ என்று கேட்பதோடு ‘பார்த்ததில் ஒன்றைச் சொல்லு’ என்றும் கேட்கலாம். அந்த நேரத்தில் அவர்கள் தங்கள் கைப்பேசியையும் தள்ளி வைத்திருந்தால் பிள்ளை கூடுதலாகவே சொல்லும். வரும் கல்வியாண்டில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்கள் நடக்கும்போது, கழிப்பறை, குடிநீர் வசதிகளோடு இதையும் பேசுபொருளாக வைத்து, மாலையில் ஆளில்லாத வீடுகளின் பிள்ளைகள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து படிக்கப் பள்ளியிலோ ஊர் நூலகத்திலோ இடம் கேட்டுத் தீர்மானம் போட வேண்டும்.